அம்மாவோட பழைய சுங்குடி சேலையில பாப்பாவுக்கு எலாஸ்டிக் பாவாடை (முதல்முறை தைக்கிறவங்களுக்கு)

தையல் மிஷினை வாங்கி வச்சுட்டு அதுமேல துவைச்ச துணிய மடிச்சு அடுக்குற ஆளா நீங்க? நானும் ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். பிளவுஸ்ல ஆரம்பிச்சதுதான் நான் பண்ண தப்பு, கழுத்து வளைவும் கை வளைவும் ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேன்னுது, கடுப்பாகி மூடி வச்சுட்டேன். அப்புறம் பக்கத்து தெரு தையல் அக்கா தான் சொன்னாங்க, முதல்ல சின்னப் புள்ளைக்கு எலாஸ்டிக் பாவாடை தச்சுப் பாரு, அதுல வளைவே கிடையாது, எல்லாம் நேர்த் தையல் தான்னு. நிஜமாவே ஒரே ஒரு செவ்வகத் துணி, ஒரு துண்டு எலாஸ்டிக், அவ்வளவுதான்.

துணிக்கு நேரா கடைக்கு ஓடாதீங்க. பீரோவுல அம்மாவோட பழைய காட்டன் சேலை ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அதை எடுங்க. காசு மிச்சம்ங்கிறதுக்காக மட்டும் சொல்லல. பல தடவ துவைச்ச சேலை இனிமே சுருங்காது, சாயமும் அநேகமா போக வேண்டியதெல்லாம் எப்பவோ போயிருக்கும், அதுக்கு மேல கீழ்ப்பக்கம் மடிச்சு அடிக்கிற வேலையே இல்ல, ஏன்னா நெசவுக்காரங்க கரையோட நெய்ஞ்சு குடுத்துட்டாங்க, அந்தக் கரை தான் நம்ம பாவாடைக்கு பார்டர். தப்பா வெட்டினாலும் சேலையில இன்னும் நாலு மீட்டர் மிச்சம் இருக்கும், பயமில்லாம வெட்டலாம். நான் எடுத்தது அம்மாவோட அரக்கு கலர் சுங்குடி. சில்க் காட்டன், ஜார்ஜெட், சாட்டின் இதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம், மிஷினுக்கு அடியில வழுக்கிட்டே இருக்கும்.

ஒரு விஷயம், பழைய சேலைன்னா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. சில இடம் நைஞ்சு போய் ஜன்னல் மாதிரி தெரியும், கொசுவம் வர்ற இடமும் முந்தானையும் தான் பெரும்பாலும் சீக்கிரம் நைஞ்சு போகும், அந்த இடத்த விட்டுட்டு கெட்டியா இருக்கிற இடமா பார்த்து எடுங்க. ஃபால்ஸ் தச்சிருந்தா பிரிச்சு எடுத்துடுங்க. கஞ்சி போட்ட சேலைன்னா ஒரு தடவ அலசி காய வச்சு அயர்ன் பண்ணிக்கோங்க.

இல்லங்க, புதுத்துணில தான் தைப்பேன்னா காட்டன் இல்லன்னா பாப்ளின் வாங்குங்க, கடையில பன்னா (துணியோட அகலம்) எவ்வளவுன்னு கேளுங்க, 44 இன்ச் பன்னான்னா 5 வயசு புள்ளைக்கு முக்கா மீட்டர் போதும். அரை மீட்டர் பத்தாது, அது 20 இன்ச் கூட முழுசா வராது. வாங்கிட்டு வந்ததும் தண்ணியில ஊற வச்சு காய வச்சு அப்புறம் தான் வெட்டணும். இத செய்யாம தச்சுட்டு முதல் துவைப்புலயே பாவாடை முட்டிக்கு மேல ஏறிடுச்சுன்னு வருத்தப்படாதீங்க.

இப்ப அளவு. ரெண்டே அளவு தான், இடுப்பும் உயரமும். இடுப்ப சாப்பிட்டதுக்கு அப்புறம் எடுங்க, காலையில வெறும் வயித்துல எடுத்தா ராத்திரி சோறு சாப்பிட்டதும் பாவாடை இறுக்கும், புள்ளைங்க வயிறு அப்படி. இன்ச் டேப்ப இழுத்துப் பிடிக்காம தொப்புளுக்கு நேரா சுத்துங்க. என் பொண்ணுக்கு 21 இன்ச். உயரம் அங்கிருந்து கீழ எதுவரைக்கும் வேணுமோ அதுவரைக்கும், நான் முட்டிக்குக் கீழ கொஞ்சம் இறங்குற மாதிரி 18 இன்ச் எடுத்தேன். கணுக்கால் வரைக்கும் வைக்காதீங்க, மாடிப்படி ஏறுறப்ப மிதிச்சு விழும்.

கணக்கு இதுதான். சுத்தளவு இடுப்ப விட குறைஞ்சது ரெண்டு மடங்கு இருக்கணும், சேலையில நீளத்துக்கு பஞ்சமில்லங்கிறதால நான் ரெண்டரை மடங்கு வச்சு 52 இன்ச் எடுத்தேன். மூணு மடங்குக்கு மேல போனீங்கன்னா இடுப்புல துணி மூட்டையா நிக்கும், புள்ள குண்டா தெரியும். உயரத்துக்கு 18 இன்ச்சோட எலாஸ்டிக் குழாய்க்கு, அதாவது இடுப்புல எலாஸ்டிக் உள்ள போற மடிப்புக்கு, ஒண்ணேகால் இன்ச் கூட்டணும், 19 கால். அதோட ரெண்டு டக்குக்கு 3 இன்ச். ஆக கரையோட அடி ஓரத்துல இருந்து மேல 22 கால் இன்ச்.

டக்கு எதுக்குன்னு கேக்கலாம். நம்ம சின்ன வயசு பட்டுப்பாவாடை ஞாபகம் இருக்கா, கீழ்ப்பக்கம் மடிப்பு மடிப்பா இருக்கும், தீபாவளிக்கு தீபாவளி ஒரு மடிப்ப பிரிச்சு விட்டு அதே பாவாடைய மூணு நாலு வருஷம் ஓட்டுவாங்க. அதே தான். முக்கா இன்ச் ஆழத்துக்கு ஒரு டக்கு வச்சா ஒன்றரை இன்ச் துணி உள்ள போகும், பிரிச்சா அவ்வளவும் திரும்ப இறங்கும். எலாஸ்டிக் பாவாடையில இடுப்பு தானா விரியும், உயரம் மட்டும் தான் பத்தாம போகும், அதனால டக்கு வைக்காம விடுறது வீண்.

என் சேலை அகலம் 46 இன்ச் இருந்துச்சு, ரெண்டு பக்கமும் கரை. நடுவுல வெட்டினா ஆளுக்கு 23 இன்ச், அதாவது ஒரே அகலத்துல ரெண்டு பாவாடை! இன்னொண்ணு நாத்தனார் பொண்ணுக்கு போச்சு. உங்க சேலையில ரெண்டு கரையும் வேற வேற சைஸா இருந்தா பெரிய கரைய உங்க பொண்ணுக்கு எடுத்துக்கிறது உங்க இஷ்டம்.

வெட்டுறதுக்கு ஒரு சுலப வழி இருக்கு, கடையில பார்த்திருப்பீங்க, கத்திரியால ஒரு சின்ன வெட்டு போட்டு டர்ருன்னு கிழிப்பாங்க. காட்டன் நூல் போக்குலயே நேரா கிழியும், நம்ம கத்திரி போற கோணலுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா கரை இருக்கிற இடத்துல மட்டும் கத்திரியால வெட்டிக்கோங்க, கரை கெட்டியா இருக்கும், இழுத்தா அந்த இடத்துல சுருங்கிக்கும்.

தைக்கிறதுக்கு முன்னாடி மிஷின்ல ஒரு நிமிஷம். 14 நம்பர் ஊசி போடுங்க. நூல் கோக்கிறப்ப மிஷினோட பாதத்த (துணிய அழுத்திப் பிடிக்கிற பாகம்) தூக்கி வச்சுக்கோங்க, இறக்கி வச்சுட்டு கோத்தா நூல் டென்ஷன் தட்டுக்குள்ள சரியா உக்காராது, அப்புறம் துணிக்கு அடியில நூல் கூடு கட்டிக்கும், நாம பாபின் (கீழ்நூல் சுத்துற உருளை) மேல பழி போடுவோம். ஆரம்பிக்கிறப்ப மேல்நூல் கீழ்நூல் ரெண்டையும் பின்பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்த நம்ம பக்கமா கையால ஒரு சுத்து சுத்திட்டு ஓட்டுங்க. கால் மிஷின்னா சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தினா நூல் அறுந்துடும், அதனால சும்மா ஒரு வேஸ்ட் துணில பத்து நிமிஷம் ஓட்டிப் பழகிட்டு வாங்க.

முதல் தையல், பக்கத் தையல். துணியோட ரெண்டு முனையையும் சேர்த்து ஒரு வளையமா ஆக்கணும். ஓவர்லாக் மிஷின் (துணி ஓரம் பிசிறாம அடிக்கிற மிஷின்) இருக்கவங்க நல்ல பக்கம் உள்ள வச்சு அரை இன்ச்சுல அடிச்சு ஓவர்லாக் போட்டுடுங்க. என்கிட்ட அது இல்ல, அதனால ரெட்டைத் தையல் போடுறேன், பிசிறே வெளிய தெரியாது, புள்ளைக்கு குத்தவும் குத்தாது. இதுக்கு முதல்ல தலைகீழா, அதாவது நல்ல பக்கம் ரெண்டும் வெளிய தெரியுற மாதிரி வச்சு, கரையும் கரையும் சரியா ஒட்டி நிக்குதான்னு பார்த்து பின் குத்தி கால் இன்ச்சுல ஒரு தையல். பிசிறை ஒட்ட வெட்டிடுங்க. இப்ப துணிய திருப்பி நல்ல பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு, தையல் ஓரத்துல வர்ற மாதிரி அயர்ன் பண்ணி, கால் இன்ச்சுக்கு கொஞ்சம் கூடவே தள்ளி இன்னொரு தையல். பிசிறு ரெண்டு தையலுக்கும் நடுவுல மாட்டிக்கும். தையலோட ஆரம்பத்துலயும் முடிவுலயும் ரெண்டு மூணு தையல் முன்ன பின்ன ஓட்டி கெட்டி பண்ணுங்க.

அடுத்து டக்கு. முதல் பாவாடைக்கு நான் டக்க முதல்ல அடிச்சுட்டு அப்புறம் பக்கத்த சேர்த்தேன், துணி விரிச்ச மாதிரி இருக்கே, அடிக்க ஈசியா இருக்கேன்னு. அடுத்த வருஷம் பிரிக்கலாம்னு உக்காந்தா டக்கோட ரெண்டு முனையும் பக்கத் தையலுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, பக்கத்தையே பிரிச்சாத்தான் அது வரும். ஒரு மத்தியானம் முழுக்க போச்சு. அதனால பக்கத்த சேர்த்து வளையமா ஆக்கினதுக்கு அப்புறம் தான் டக்கு.

கரை முடியுற கோட்டுல இருந்து ரெண்டரை இன்ச் மேல சுத்தி முழுக்க சாக்பீஸால கோடு போடுங்க, அதுக்கும் மேல, கரையில இருந்து 5 கால் இன்ச்சுல இன்னொரு கோடு. கோட்டுல மடிச்சு அயர்ன் பண்ணி, மடிப்புல இருந்து முக்கா இன்ச் தள்ளி சுத்தி அடிங்க. தையல் நீளத்த கொஞ்சம் பெருசா வச்சுக்கோங்க, நாளைக்கு பிரிக்கணும்ல. ரெண்டையும் அடிச்சு கீழ்ப்பக்கமா மடிச்சு தேய்ச்சா கரைக்கு மேல ஒரு இன்ச் விட்டு முதல் டக்கு, அதுக்கு மேல அரை இன்ச் விட்டு ரெண்டாவது, பார்க்கவே லட்சணமா இருக்கும்.

இப்ப இடுப்பு, இதுதான் கொஞ்சம் நிதானமா செய்ய வேண்டிய இடம். மேல் ஓரத்த உள்பக்கமா கால் இன்ச் மடிச்சு அயர்ன், மறுபடி ஒரு இன்ச் மடிச்சு அயர்ன். அயர்ன் பண்ணாம கையால மடிச்சுக்கிட்டே அடிச்சுடலாம்னு தோணும், அப்படி அடிச்சா குழாய் ஒரு இடத்துல அகலமா ஒரு இடத்துல ஒடுக்கமா வந்து எலாஸ்டிக் போய் சிக்கிக்கும். மடிப்போட கீழ் ஓரத்த ஒட்டினாப்புல சுத்தி அடிங்க, பக்கத் தையல் கிட்ட இருந்து ஆரம்பிச்சு சுத்தி வந்து ஒன்றரை இன்ச் விட்டு நிறுத்திடுங்க. எலாஸ்டிக் உள்ள போறதுக்கு அந்த வாசல். பக்கத் தையல் பாப்பாவுக்கு முதுகுப் பக்கம் வரட்டும்.

எலாஸ்டிக் முக்கா இன்ச் அகலம் வாங்குங்க. கடையிலயே இழுத்துப் பாருங்க, விட்டதும் பழைய நீளத்துக்கு டக்குனு வரணும், தொளதொளன்னு நின்னா வேண்டாம். ரொம்ப மெல்லிசான எலாஸ்டிக் வயித்துல கயிறு மாதிரி பதிஞ்சு கோடு போட்டுடும், புள்ள சொல்லத் தெரியாம பாவாடைய கழட்டி கழட்டி எறியும். நீளம் இடுப்பு அளவே, 21 இன்ச். ஒரு இன்ச் ஒண்ணு மேல ஒண்ணா வச்சு தைக்கிறப்ப 20 ஆயிடும், அந்த இறுக்கம் போதும். வெட்டுறதுக்கு முன்னாடி புள்ளை இடுப்புல சுத்தி ஊக்கு குத்தி உக்காந்து எந்திரிக்க சொல்லிப் பாருங்க, ஒவ்வொரு எலாஸ்டிக்கும் ஒவ்வொரு மாதிரி இழுக்கும்.

உள்பாவாடைக்கு நாடா கோக்கத் தெரியும்ல, அதே வேலை தான். ஒரு முனையில பெரிய ஊக்கு குத்தி குழாய்க்குள்ள விட்டு நகத்திக்கிட்டே போங்க. இன்னொரு முனைய மறக்காம துணியோட சேர்த்து ஒரு ஊக்கு குத்தி வைங்க, இல்லன்னா முக்கால்வாசி தூரம் போனதும் அந்த வால் உள்ள ஓடிடும், திரும்ப முதல்ல இருந்து. பக்கத் தையல் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அந்தப் பக்கமாவே ஊக்க ஓட்டுங்க, எதிர்ப்பக்கம் போனா அந்த மடிப்புல முட்டி நிக்கும்.

வெளிய வந்ததும் ரெண்டு முனையையும் தடவிப் பாருங்க, முறுக்கு விழுந்திருக்கான்னு. முறுக்கு இல்லன்னா ஒரு இன்ச் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு சதுரமா அடிச்சு நடுவுல குறுக்கே பெருக்கல் குறி மாதிரி அடிங்க. மிஷின் அந்த தடிமனுக்கு திணறினா கையாலயே கெட்டியா தச்சுக்கலாம். அப்புறம் இடுப்ப ரெண்டு கையாலயும் நல்லா நாலு தடவ இழுத்து விடுங்க, சுருக்கு எல்லா இடத்துலயும் சமமா பரவும். முன்னாடி நடுவுலயும் பின்னாடி பக்கத் தையல் மேலயும் குழாய்க்கு மேல இருந்து கீழ ஒரு சின்ன தையல் எலாஸ்டிக்க சேர்த்து அடிச்சுடுங்க, துவைக்கிறப்ப எலாஸ்டிக் உள்ளயே திரும்பிக்கிற தொல்லை இருக்காது.

புதுத்துணி எடுத்தவங்களுக்கு கீழ்ப்பக்கம் பாக்கி இருக்கும். அரை இன்ச் மடிச்சு அப்புறம் ரெண்டு இன்ச் மடிச்சு அடிங்க, அதாவது வெட்டுறப்பவே உயரத்துல ரெண்டரை இன்ச் கூட்டியிருக்கணும், 18 இன்ச் பாவாடைக்கு டக்கு இல்லாம மொத்தம் 21 முக்கா. அந்த ரெண்டு இன்ச் மடிப்ப பிரிச்சு விட்டா அதுவும் ஒரு வருஷத்துக்கு டக்கு மாதிரி தான். மிஷினே இல்லாதவங்க மொத்தத்தையும் கையால தைக்கலாம், ஓட்டுத் தையல் மட்டும் போட்டா புள்ளைங்க ஓடுற ஓட்டத்துக்கு நிக்காது, பின்னாடி ஒரு தையல் எடுத்து எடுத்து தைங்க.

கடைசியா அந்த ஒன்றரை இன்ச் வாசல். எலாஸ்டிக்க இழுத்துப் பிடிச்சு துணி சுருக்கமில்லாம இருக்கிறப்ப அடிச்சு மூடணும். நான் அந்த இடத்த மட்டும் கையால, உள்பக்கம், மஞ்ச நூல்ல தைப்பேன். பார்க்க ஒரு மாதிரி இருக்கேன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். டக்கு பிரிக்கிற நாள் வரும்போது எலாஸ்டிக்கும் தளர்ந்து போயிருக்கும், எங்க பிரிக்கணும்னு தேடாம கத்திரிய நேரா அந்த மஞ்ச நூல்ல வைக்கலாம்.