கதையில் வரும் கிறுக்குப் பாட்டி: எழுதும்போது சறுக்கும் இடங்கள்
தனித்துக் கிடக்கும் பிள்ளை, ஊரார் 'ஒரு மாதிரி' என்று ஒதுக்கும் பாட்டி. மலேசியாவின் பினாங்கில் கதை எழுதும் பலருக்கும் இந்த இருவர்மேல் ஆசை உண்டு. எனக்கும் உண்டு. அதனால்தான் இந்தக் கதைகள் கெட்டுப்போனால் மனசு ஆறுவதில்லை.

பெரும்பாலும் கெடுவது பாட்டியின் கிறுக்கில்தான். வெற்றிலை, வசவு, காக்காயோடு பேச்சு என்று எதையாவது ஒட்டிவிடுகிறோம். கிறுக்குக்கு ஒரு காரணம் வேண்டும். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஒரு பாட்டி. குப்பை கொட்டக் கீழே இறங்கினாலும் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகாமல் வாசல் தாண்டமாட்டார். லிஃப்டுக்குள் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார், வெளியே வந்ததும் இன்னொருமுறை. பேத்தி வெட்கப்பட்டு இரண்டடி தள்ளி நடப்பாள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் பலர் தோட்ட வேலையை இழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அப்போது 15 வயதாக இருந்த பாட்டி, பெரியப்பா குடும்பம் ரஜூலா கப்பலில் ஏறுவதைத் துறைமுகத்தில் நின்று பார்த்தவர் என்று வையுங்கள். ஆனால் இதைப் பேத்தியை உட்காரவைத்து விளக்கும் காட்சி வேண்டாம். அவளுக்குப் பாதி தெரிந்தால் போதும்.

வயதுக் கணக்கையும் பாருங்கள். பாட்டி என்றதும் ஜப்பான்காரன் காலத்தையும் ஜப்பானியர் ஆள்பிடித்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதையையும் பேசவைக்கிறோம். ஜப்பான் ஆட்சி 1945இல் முடிந்துவிட்டது. 2024இல் 70 வயதான பாட்டி பிறந்ததே 1954இல். மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தவர் அவருடைய அம்மா.

பிள்ளை தனியாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தாய் தகப்பனைச் சாகடிக்க வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் அம்மா பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். டிவி சத்தம் கூடாது. பந்து தட்டக்கூடாது. எத்தனை வீடுகளில் பிள்ளைகள் இப்படி மூச்சடக்கி வளர்கிறார்கள்!

பாட்டியை மதுரைக்காரி போலப் பேசவைக்காதீர்கள். "பசியாறிட்டியா?" என்று கேட்கட்டும், மலாய் தாராளமாகக் கலக்கட்டும்.

எனக்குப் பெருங்குறையாகப் படுவது வேறு. பாட்டி கொடுத்துக்கொண்டே இருக்கிறார், பிள்ளை வாங்கிக்கொண்டே இருக்கிறது. பாட்டிக்கு அந்தப் பிள்ளை எதற்குத் தேவை? கிளினிக்கிலிருந்து மலாயில் கடிதம் வருகிறது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பேத்திதான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்லவேண்டும். தேதி அடுத்த வாரம். அவளோ 'நாளைக்கு' என்று சொல்லிவிடுகிறாள், பள்ளிக்கு மட்டம் போட்டுப் பாட்டியோடு பஸ்ஸில் போகலாமே என்று. பாட்டிக்கு அவளுடைய கண் வேண்டும், அவளுக்குப் பாட்டியின் ஒரு பகல் வேண்டும். உண்மை தெரிந்ததும் பாட்டி திட்டட்டும், நிஜமாகவே திட்டட்டும். அன்பான பாட்டி என்பதால் உடனே கட்டியணைக்க வேண்டியதில்லை.

கடைசிப் பக்கத்தில் பாட்டியைச் சாகடிக்கவும் அவசரப்படாதீர்கள். முதலில் இருவரும் தவறான தேதியில் கிளினிக் கவுன்டர் முன்னால் நிற்பதை முழுசாக எழுதி முடியுங்கள்.