ஜெர்மன் வகுப்பு: ஏ1-ஆ, ஏ2-ஆ?
ஆப்பில் மூன்று மாதம் ஜெர்மன் படித்துவிட்டு நேராக ஏ2-இல் சேரப் போகிறீர்களா? (ஏ1 தொடக்க நிலை, ஏ2 அதற்கு அடுத்த படி.) கொஞ்சம் பொறுங்கள். மேசைக்கு 'டெர் டிஷ்' என்று தெரிந்தால் மட்டும் போதாது, 'மேசையை வாங்குகிறேன்' என்று சொல்லும்போது அந்த டெர், டென் ஆக மாறுவது யோசிக்காமல் வாயில் வர வேண்டும். நேற்று என்ன செய்தீர்கள் என்று நாலு வரி சொல்லவும் வர வேண்டும். வரவில்லையா, சரி, ஏ1-இலேயே சேருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சந்தேகம் இருந்தால், ஜெர்மன் மொழி கற்றுத்தரும் கோத்தே இன்ஸ்டிட்யூட் தளத்தில் இலவசத் தேர்வு இருக்கிறது, அகராதியைத் தொடாமல் செய்து பாருங்கள்.

அப்புறம், எதற்காகப் படிக்கிறீர்கள்? ஜெர்மனியில் இருக்கும் கணவரிடமோ மனைவியிடமோ போவதற்குப் பொதுவாக ஏ1 சான்றிதழ் கேட்பார்கள், நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் பி2, அதாவது ஏ2-க்கு இரண்டு படி மேலே. அவ்வளவு தூரம் போகிறவர்கள் ஏ1-ஐத் தாண்டிக் குதிக்கவே வேண்டாம், இப்போது விட்ட டெர், டீ, டாஸ் (பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் சொற்கள்) எல்லாம் பின்னால் பெயரடையின் கடைசியில் சேரும் விகுதிகளைப் படிக்கும்போது திரும்ப வந்து நிற்கும்.