ஏர்கோன் அறையில் பிள்ளைக்கு என்ன உடுத்துவது?

கோலாலம்பூரில் ராத்திரிக் குளிர் என்றால் அது ஏர்கோன் குளிர்தான். ரிமோட்டில் 20 வைத்துவிட்டுப் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை, காலுறை, குல்லா, போர்வை என்று அடுக்கினோம். விடியற்காலை மூன்று மணிக்கு அழுகை. கை ஜில்லென்று இருக்கவே இன்னொரு துணியைப் போர்த்தினோம். தப்பு அங்கேதான். பிடரியைத் தொட்டால் முடியெல்லாம் வேர்வையில் ஒட்டிக்கிடந்தது.

கைக்குழந்தைக்குக் கைகால் சில்லிட்டிருப்பது இயல்பு. தொட்டுப் பார்க்க வேண்டியது பிடரியும் நெஞ்சும். வெதுவெதுப்பாக, ஈரமில்லாமல் இருந்தால் சரி.

ரிமோட் எண்ணை நம்பாமல், சின்ன தெர்மாமீட்டர் ஒன்றைக் கட்டில் உயரத்தில் வையுங்கள். நாங்கள் 24க்கு ஏற்றி, காற்றுத் தகட்டை மேலே திருப்பினோம். 24, 25 டிகிரிக்கு அரைக்கைப் பருத்தி உடுப்பும் 0.5 டாக் தூக்கப் பையும் (போர்வைக்குப் பதில் பிள்ளைக்கு மாட்டிவிடும் பை) போதும்; டாக் என்பது துணி எவ்வளவு சூடு காக்கும் என்பதன் அளவு. 21 முதல் 23 வரை முழுக்கை உடுப்பு, 1 டாக் பை. கேமரன் மலைக்குப் போனால், அறை 16 முதல் 20 வரை இருந்தால், முழுக்கை உடுப்போடு 2.5 டாக்.

பையின் கழுத்து முக்கியம். பட்டன் போட்டபின் தலை உள்ளே நழுவவே கூடாது. பெரிய அளவு வாங்கி வளரட்டும் என்று வைக்காதீர்கள். குல்லாவும் வேண்டாம், பிள்ளையின் உடம்புச் சூடு தலைவழியாகத்தான் நிறைய வெளியேறுகிறது. தளர்ந்த போர்வை முகத்தை மூடிவிடும், ஒரு வயதுவரை அதைக் கட்டிலில் வைக்கவே வேண்டாம். மல்லாக்கத்தான் படுக்க வையுங்கள்.