ராமநாதபுரம் கடற்கரையில் மின்சாரக் கார்: புதிதாக வாங்குபவர் முதல் மூன்று மாதங்களில் செய்ய வேண்டியவை

கடந்த ஆனி மாதத்தில் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். வீடு ராமநாதபுரம் நகரின் ஓரத்தில் இருக்கிறது. மாமனார் வீடு ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில். ஆகவே வாரத்தின் ஐந்து நாள்கள் வண்டி ஊருக்குள் ஓடும், மீதி இரண்டு நாள்கள் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும். பேட்டரியின் கொள்ளளவு 40 கிலோவாட் மணி. மின்வாரியக் கணக்கில் 40 யூனிட். விற்பனையகத்தில் விலை, நிறம், ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பவற்றைப் பற்றி நிறையப் பேசினார்கள். நம் கரையில் அந்தக் கிலோமீட்டர் எண்ணை மாற்றிவிடுகிற காற்றைப் பற்றியும், வண்டியை மெல்ல மெல்லத் தின்கிற உப்பைப் பற்றியும், வீட்டு எர்த் கம்பியைப் பற்றியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாங்குவதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

முதல் படி: வண்டி வருவதற்கு முன் வீட்டு எர்த்தைச் சோதியுங்கள்

வண்டி வந்த முதல் வாரமே தங்கச்சிமடத்தில், மாவரைக்கும் கிரைண்டர் ஓடுகிற 15 ஆம்பியர் சாக்கெட்டில் சார்ஜர் கேபிளைச் செருகினேன். கேபிளின் நடுவிலுள்ள பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. வீட்டிலிருந்த வேறு இரண்டு சாக்கெட்டுகளிலும் அதே கதைதான். கிரைண்டரும் குளிர்சாதனப் பெட்டியும் ஆண்டுக்கணக்கில் ஓடுகிற சாக்கெட்டில் கார் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று புரியாமல், கேபிள்தான் பழுது என்று முடிவுகட்டியிருந்தேன்.

பழுது கேபிளில் இல்லை. கிரைண்டர் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. காரின் சார்ஜர் முதலில் அதைத்தான் பார்க்கிறது, இல்லையென்றால் மின்சாரத்தை உள்ளே விட மறுக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துப் பார்த்தார். இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் முப்பதைத் தாண்டிக் காட்டியது. எர்த் குழியைத் தோண்டியபோது, வீடு கட்டிய காலத்தில் புதைத்த இரும்புக் குழாய் கையால் ஒடிக்கும் அளவுக்குத் துருவேறிக் கிடந்தது. கடலோரத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து குழாயை அரிக்கின்றன. சற்று உள்ளே தள்ளிய மணற்பாங்கான ஊர்களிலோ குழாய் நன்றாக இருந்தாலும் கோடையில் மணல் காய்ந்துவிடுவதால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் போகிறது. நம் மாவட்டத்தில் இந்த இரண்டு கோளாறும் உண்டு. முதலாவதற்குச் செம்புப் பூச்சுள்ள கம்பியைப் புதிதாக இறக்க வேண்டும். இரண்டாவதற்குக் கோடை மாதங்களில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலே பெருமளவு சரியாகிவிடும்.

எர்த் சரியான பிறகு, மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்து, மின்னோட்டம் அளவை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் பொருத்தச் சொல்லுங்கள். கிரைண்டர் அரை மணி நேரத்தில் நின்றுவிடும். கார் பத்து மணி நேரம் இடைவிடாமல் மின்சாரம் இழுக்கும். அதனால் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி சார்ஜ் செய்யவே கூடாது. முதல்முறை சார்ஜ் செய்யத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. கை வைக்க முடியாத சூடாக இருந்தால் உடனே நிறுத்திவிட்டுச் சாக்கெட்டை மாற்றுங்கள்.

சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். என் கருத்தில், நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு அது வீண் செலவு. சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்டில் இரவு முழுவதும் போட்டாலே ஏறத்தாழ 28 யூனிட் ஏறுகிறது. அது எனக்கு ஒரு வாரத்துக்கு நெருக்கி வருகிறது. பெரிய சார்ஜருக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்தக் கோரி மின்வாரியத்துக்கு அலைவதோடு, மும்முனை இணைப்புக்கும் மாற வேண்டியிருக்கலாம்.

மின் கட்டணத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது ஆகும் சேதாரத்தையும் சேர்த்து மாதத்துக்கு 150 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதப் பில்லில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும். ஏற்கெனவே 250 யூனிட் செலவாகிற வீடென்றால் மொத்தம் 550-ஐத் தாண்டும். இதைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம், 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணப் படிநிலையே மாறி, கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட நேர்கிறது. முதல் பில்லைக் கண்ட என் மனைவி, பெட்ரோலே தேவலையா என்று கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டியதில் கார்தான் ஜெயித்தது; ஆனால் நான் சொல்லியிருந்த அளவுக்கு இல்லை.

இரண்டாம் படி: வண்டியைக் கையில் வாங்கும் நாள்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை நிறப் பலகையில் வெள்ளை எழுத்து, சார்ஜர் கேபிள், இரண்டு சாவி ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். பல மின்சாரக் கார்களில் மாற்றுச் சக்கரத்துக்குப் பதிலாகப் பஞ்சர் ஒட்டும் பசைப் புட்டியும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான் தருகிறார்கள். சீமைக் கருவேல முள் உதிராத சாலையோரமே இல்லாத மாவட்டத்தில் வாழ்கிற நாம், அந்தப் பம்பை எப்படி இயக்குவது என்பதை விற்பனையகத்திலேயே ஒருமுறை செய்துபார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மூன்றாம் படி: உங்கள் பேட்டரி எந்த வகை என்று கேட்டறியுங்கள்

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையா, நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகையா என்பதுதான் கேள்வி. முதல் வகையென்றால் வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் வரை ஏற்றுவது நல்லது. அந்த வகையில் பேட்டரி இறங்க இறங்க வோல்ட் அதிகம் மாறுவதில்லை என்பதால், எவ்வளவு மிச்சம் என்பதை வண்டியால் நடுவில் சரியாகக் கணிக்க முடிவதில்லை. முழுதாக ஏறும்போதுதான் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. இரண்டாம் வகையென்றால் அன்றாடத்துக்கு 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு, நெடும்பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் முழுதாக ஏற்றுங்கள்.

நான்காம் படி: ஒரு நோட்டுப் போட்டு, காற்றையும் சேர்த்து எழுதுங்கள்

என் வண்டிக்குச் சான்றிதழில் எழுதியிருக்கும் தொலைவு 450 கி.மீ.க்கு மேல். எனக்குக் கிடைப்பது 270 முதல் 320 வரை. ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த எண் சாலையில் அப்படியே கிடைக்காது என்பது எதிர்பார்த்ததுதான். எனக்கு விளங்காமல் இருந்தது 270-க்கும் 320-க்கும் இடையில் ஏன் இவ்வளவு ஊசலாட்டம் என்பதுதான்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராமநாதபுரத்திலிருந்து மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் வழியாகத் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 75 கி.மீ. குடும்பத்தோடு சென்றோம். போய்ச் சேர்ந்தபோது 20 சதவீதம்தான் குறைந்திருந்தது. அந்தக் கணக்கில் முழு பேட்டரிக்கு 375 கி.மீ. கிடைக்க வேண்டும் என்று பெருமையடித்துக்கொண்டேன். அதே சாலையில், அதே ஆட்களோடு, அதே ஏ.சி. அளவில், அதே வேகத்தில் திரும்பியபோது 27 சதவீதம் போயிருந்தது. அந்தக் கணக்கில் 278 கி.மீ.தான். பேட்டரியில் ஏதோ கோளாறு என்று பயந்துபோய், தங்கச்சிமடத்தில் மச்சானிடம் புலம்பினேன். அவர் விசைப்படகுக்காரர். "கச்சான் அடிக்கிற மாசத்துல மேக்க பாத்துப் போனா படகுக்கே டீசல் கூடத்தான் குடிக்கும் மாப்பிள்ளை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவர் சொன்னதுதான் விடை. கச்சான் என்பது இந்த மேல்காற்றுதான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ நேர்கிழக்கே இருக்கிறது. ஆனி முதல் ஆவணி வரை நம் கரையில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகிறது. போகும்போது முதுகைத் தள்ளிய காற்று, திரும்பும்போது முகத்தில் அறைகிறது. மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டிக்கு 30 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால், வண்டி கிழிக்க வேண்டிய காற்றின் வேகம் 100 ஆகிறது. காற்றுத்தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் தடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் வேகம் 40 ஆகிவிடும். தடை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். டயர் உராய்வு, ஏ.சி. போன்ற வேறு செலவுகளும் உள்ளதால் மொத்தச் செலவு அவ்வளவு ஏறி இறங்குவதில்லை. ஆனால் 20-க்கும் 27-க்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இது போதும். பெட்ரோல் வண்டியிலும் இதெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். வழிநெடுக பங்க் இருந்ததால் நாம் கவனிக்கவில்லை. நம் காற்று விளையாட்டுக் காற்றன்று: 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ.-ஐத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைப்பதற்குக் கருவி பொருத்தியிருந்தார்கள்.

ஆகவே முதல் மாதத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, புறப்படும்போது இருந்த சதவீதம், சேர்ந்தபோது இருந்த சதவீதம், கிலோமீட்டர், காற்று எந்தப் பக்கம். குறைந்த சதவீதத்தைப் பேட்டரியின் கொள்ளளவால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் செலவான யூனிட் கிடைக்கும்; கிலோமீட்டரை அதனால் வகுத்தால் யூனிட்டுக்கு எவ்வளவு ஓடியது என்பது தெரியும். என் தனுஷ்கோடிப் பயணத்தில் போகும்போது 8 யூனிட், யூனிட்டுக்கு 9.4 கி.மீ.; திரும்பும்போது 10.8 யூனிட், யூனிட்டுக்கு 6.9 கி.மீ. இருபது வரிகள் சேர்ந்துவிட்டால், திரையில் வண்டி காட்டும் மிச்சத் தொலைவை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். அந்த எண் சற்றுமுன் ஓட்டிய விதத்தை வைத்துச் சொல்வது. பின்காற்றில் அரிச்சல்முனை வரை போன வண்டி, திரும்பும் வழிக்கும் பின்காற்றுதான் என்று நம்பிக்கொண்டிருக்கும். கச்சான் காலத்தில் கிழக்கே போகும்போது, போன செலவைப் போல ஒன்றரை மடங்கைத் திரும்புவதற்கு ஒதுக்குங்கள். வடகிழக்கிலிருந்து காற்று வீசும் வாடைக் காலத்தில் இது தலைகீழாக வேண்டும். எனக்கு அந்தப் பருவம் இனிமேல்தான் வர இருக்கிறது, நோட்டில் அதற்கெனப் பக்கங்களை விட்டுவைத்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: உப்பை நல்ல தண்ணீரால் துடையுங்கள்

தங்கச்சிமடத்தில் ஓரிரவு நின்றாலே காலையில் கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஒரு படலம் இருக்கும். அதைக் கழுவுகிறேன் என்று பலர் செய்யும் தவறு, வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயால் பீய்ச்சி அடிப்பது. நம் பக்கத்தில் பெரும்பாலான ஊர்களில் அந்த நீரே உவர். கழுவக் கழுவ உப்பு கூடும். நல்ல தண்ணீருக்கோ, காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளுக்காகத் தள்ளுவண்டியில் குடங்களோடு பெண்கள் காத்திருக்கிற ஊர் இது. அதைக் காருக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. மழைநீர்த் தொட்டி இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் ஒரு வாளி போதும்: ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு, மிச்ச நீரை அடிப்பகுதியிலும் சக்கர வளைவுகளிலும் தெளித்துத் துடையுங்கள். சார்ஜ் செருகும் வாயை உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். முனைகள் ஈரமாக இருக்கும்போது கேபிளைச் செருகாதீர்கள்.

பிரேக் தட்டுகளையும் நினைவில் வையுங்கள். மின்சாரக் கார் வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை நிறுத்தப் பார்ப்பதால், உண்மையான பிரேக் அதிகம் உரசுவதில்லை. உரசாத இரும்பு உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, மோட்டார் இப்படி வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மீட்கும் அமைப்பை (ரீஜென்) மிகக் குறைந்த நிலையில் வைத்துக்கொண்டு, பிரேக் மிதியை நான்கைந்து முறை அழுத்தமாக மிதித்துத் தட்டுகளைத் தேய்த்துவிடுங்கள்.

தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் ஓரங்களில் வண்டியை இறக்க வேண்டாம். பேட்டரியின் எடையால் சக்கரம் நொடியில் புதைந்துவிடும். கயிறு கட்டி இழுக்கவும் விடக்கூடாது. மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் பாழாகும். மேலே ஏற்றிச் செல்லும் லாரியைத்தான் அழைக்க வேண்டும்.

ஆறாம் படி: மழையும் மின்தடையும்

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிற்கும் நாளை முன்னரே அறிவித்துவிடுவார்கள். முந்தைய இரவே ஏற்றிவிடுங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், எந்த வகை பேட்டரியானாலும் 100 சதவீதம் ஏற்றிவைத்துவிட்டு, கேபிளைக் கழற்றி, வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். ஐ.பி.67 என்பது பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனை. தேங்கிய நீரில் வண்டியை ஓட்டலாம் என்பதற்கான அனுமதியன்று. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் பெய்ததைப் பார்த்தவர்களுக்கு, அரை மணி நேரத்தில் வடியும் வெள்ளம் நம் ஊரில் இல்லை என்பது தெரியும்.

ஏழாம் படி: மதுரைக்கு முதல் பயணம்

ராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 115 கி.மீ. முழு சார்ஜில் கிளம்பினால் எதிர்க்காற்றிலும் தாராளமாகப் போய்ச் சேரலாம். திரும்புவதற்குத்தான் வழியில் விரைவு சார்ஜர் தேவைப்படலாம். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் சட்டென்று குறைந்துவிடுவதால், அதற்குமேல் காத்திருப்பது நேர விரயம். நான் முதல்முறை போனபோது, சார்ஜர் இருக்கும் இடங்களைக் காட்டும் கைபேசிச் செயலியில் பச்சையாகக் காட்டிய ஒரு சார்ஜர் உண்மையில் இரண்டு நாள்களாக இயங்காமல் கிடந்தது. காவலாளி திரையைத் தட்டிக் காட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு, செயலியில் உள்ள எண்ணுக்கு அழைத்து, இன்று காலை யாராவது வந்து சார்ஜ் செய்துவிட்டுப் போனார்களா என்று கேட்காமல் நான் கிளம்புவதில்லை.