சிலம் திருடனா, அண்ணனா? ‘சலாம் பாம்பே’ பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் ஒரு மொட்டைமாடியில், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, நண்பர்கள் சிலர் அவ்வப்போது படம் போடுகிறோம். மீரா நாயர் இயக்கி 1988-இல் வெளிவந்த ‘சலாம் பாம்பே’ என்னும் இந்திப் படத்தைப் போட்ட இரவில், விளக்கு எரிந்ததும் எழுந்த முதல் குரல் இது: “கூட இருந்தே காசை அடிச்சிட்டான், இவனெல்லாம் ஒரு அண்ணனா?” கோபம் நியாயமானதுதான். ஆனால் சிறுவனோடு பழகும், நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ எளிதில் சொல்லிவிட முடியாத சிலம் போன்ற ஒரு பாத்திரத்தை அணுகும்போது நாம் வழுக்கி விழும் இடமும் அதுவே.

அம்மா கேட்ட 500 ரூபாயைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப நினைக்கும் சிறுவன் கிருஷ்ணாவுக்கு, பம்பாயில் டீக்கடை வேலை கிடைக்க உதவுபவன் சிலம். போதைப்பொருள் விற்பவன், தானும் அதற்கு அடிமையானவன். நாம் சிலும்பி என்று சொல்லும் புகைக்குழாயின் பெயரே அவனுக்கும் பெயராகிவிட்டது. பின்னால், சிறுவன் சேர்த்த பணத்தை எடுத்துப் போதைக்குச் செலவழித்து, அதிலேயே உயிரையும் விடுகிறான்.

இந்தத் திருட்டைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் காட்சிகளுக்குத் திரும்பிச் சென்று, அங்கே அவன் காட்டிய பரிவும் பணத்துக்குப் போட்ட தூண்டில்தான் என்று சாதிப்பது பெரும்பிழை. வேலைக்குச் சேர்த்துவிட்ட நாளில் அந்தப் பையனிடம் திருடுவதற்கு எதுவும் இருக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, செய்த உதவிகளையும் துரோகத்தையும் தராசில் வைத்து, மொத்தத்தில் நல்லவன்தான் என்று தீர்ப்பெழுதுவதும் உதவாது. வட்டிக்கடைக் கணக்கில் வரவும் செலவும் கழிபடலாம், ஓர் உறவில் இரண்டும் கழிபடாமல் அப்படியே நிற்கின்றன.

இவற்றைவிட அதிகமாகக் கண்ணில் படாமல் போவது, கிருஷ்ணாவை வெறும் ஏமாளியாகப் பார்க்கும் பழக்கம். சிலமை வைத்துப் போதைப்பொருள் விற்கும் பாபா என்னும் விபச்சாரத் தரகன் அவனை வேலையை விட்டு விரட்டிய பிறகு, அந்த உறவில் யார் பெரியவர் என்பதே தலைகீழாகிவிடுகிறது: போதையில்லாமல் நடுங்கும் ஒரு வளர்ந்த ஆணை, டீக் கிளாஸ் சுமக்கும் சிறுவன் தாங்கத் தொடங்குகிறான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. நம் மாடியிலேயே, அப்பா குடித்துவிட்டுக் கிடக்கும் வீட்டிலிருந்து வந்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் மட்டும் இதைக் கவனித்து, “சார், அவன்தானே அண்ணன் மாதிரி இருக்கான், சின்னவன்” என்றான். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் இப்படி வீட்டைத் தாங்கும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறோம். திரையில் வரும்போது மட்டும் பாவப்பட்ட குழந்தை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

‘எல்லாம் வறுமைதான்’ என்று முடித்துவிடுவதும் வேண்டாம். அதே தெருவில், அதே வறுமையில் கிருஷ்ணா காசு சேர்க்கிறான், சிலம் அதை எடுக்கிறான். வறுமை இருவருக்கும் பொது என்றால், வேறுபாட்டை வேறெங்கோதான் தேட வேண்டும். நடித்த சிறுவர்கள் பலரும் உண்மையிலேயே பம்பாய்த் தெருப்பிள்ளைகள் என்பதால் படத்தை ஆவணப்படம்போல எடுத்துக்கொள்வோரும் உண்டு. அவர்களுக்கு நடுவே சிலமாக வருபவர் ரகுவீர் யாதவ் என்னும் தேர்ந்த நாடக நடிகர்; அவர் முகத்தில் தெரியும் வெகுளித்தனம் திட்டமிட்டு வடிக்கப்பட்டது, அதைக் கண்டு நாம் இளகுவதும் இயக்குநர் எதிர்பார்த்ததே.

இறுதியில் கிருஷ்ணா பாபாவைக் கத்தியால் குத்துவதை, சிலமுக்காக வாங்கிய பழி என்று அன்றிரவு பலர் வாதிட்டார்கள். காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். பாபாவோடு வாழும் ரேகா வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள், பாபா அவளைத் தடுக்கிறான், அப்போதுதான் கத்தி வருகிறது. சிலமின் பெயரை அங்கே யாரும் உச்சரிப்பதில்லை. பிறகு விநாயகர் ஊர்வலக் கூட்டத்தில் ரேகாவையும் தவறவிட்டுத் தனியாக உட்காரும் கிருஷ்ணாவின் கையில் இருப்பது ஒரு பம்பரம்.