கலோரிக் கணக்கைத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடையைக் குறைக்க ஆலோசனை கேட்டு வருபவர்கள் முன்பெல்லாம் எதைச் சாப்பிடலாம், எதை விட வேண்டும் என்று கேட்பார்கள். இப்போது கைப்பேசியில் கணக்கிட்ட ஓர் எண்ணோடு வருகிறார்கள். நாளொன்றுக்கு 1,600 கலோரி, 1,800 கலோரி என்று அந்த எண் உறுதியாக நிற்கிறது. எடைதான் அசைய மறுக்கிறது. உணவியல் ஆலோசகர்களாக நாங்கள் பணி தொடங்கிய காலத்தில் காகிதத்தில் செய்த அதே பிழைகளை இன்று புதியவர்கள் செயலிகளின் துணையோடு செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், இவற்றை எழுதி வைப்பது கடமை என்று தோன்றியது. மாலை நேர பஜ்ஜியையும் விருந்து நாள் பாயசத்தையும் கணக்கில் சேர்க்க மறப்பதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது தவறு என்பது செய்பவருக்கே தெரியும்.

உழைப்பைக் கூட்டிச் சொல்வது

என்னை இன்றும் வருத்துகிற தவறு இதுதான். கலோரிக் கணிப்பான்கள் பெரும்பாலும் இரண்டு படிகளில் இயங்குகின்றன. மூச்சு, இதயத்துடிப்பு, உடல் வெப்பம் போன்றவற்றுக்காக ஓய்வில் இருக்கும்போதே உடல் செலவிடும் ஆற்றலை முதற்படியில் கணக்கிடுகின்றன. பல செயலிகள் இதற்கு 1990இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன: கிலோவில் உள்ள எடையை 10ஆலும் சென்டிமீட்டரில் உள்ள உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். வயதை 5ஆல் பெருக்கி அதிலிருந்து கழிக்க வேண்டும். பிறகு ஆணுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும். இரண்டாம் படியில் அந்த விடையை உடலுழைப்புக்குரிய எண்ணால் பெருக்குகிறார்கள். உட்கார்ந்தே கழியும் வாழ்க்கைக்கு 1.2, இலேசான உழைப்புக்கு 1.375, நடுத்தர உழைப்புக்கு 1.55 என்பது வழக்கமான வரிசை.

முதற்படியில் உயரத்தை ஓரிரு சென்டிமீட்டர் மாற்றிப் போட்டாலும் பெரிய பாதகம் இல்லை. இரண்டாம் படியில் ஒரு வரி கீழே தொட்டுவிட்டால் மொத்தத் திட்டமும் சரிந்துவிடும். அலுவலகப் பணியில் இருந்த 38 வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தபோது அவருடைய எடை 72 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். வாரத்தில் ஐந்து நாள் காலையில் முக்கால் மணி நேரம் தவறாமல் நடப்பவர் என்பதால், நடுத்தர உழைப்பு என்ற வரியைத் தேர்ந்திருந்தார். அவருடைய ஓய்வுநிலைச் செலவு ஏறத்தாழ 1,357 கலோரி, அதை 1.55ஆல் பெருக்க 2,103 வந்தது. எடை இறங்க வேண்டும் என்பதற்காக அதில் 500ஐக் கழித்து, நாளொன்றுக்கு 1,600 என்று வைத்துக்கொண்டார். இப்படிச் செலவைவிடக் குறைத்து உண்ணும் அளவைத்தான் பற்றாக்குறை என்கிறோம். நடை போக மீதி நேரமெல்லாம் நாற்காலியிலும் வாகனத்திலும் கழிந்ததால் அவருக்குப் பொருந்திய எண் 1.2. அப்படிப் பெருக்கினால் வருவது 1,628 மட்டுமே. நடைக்கான கூடுதல் செலவை வாரம் முழுவதற்கும் பரப்பினால் நாளுக்கு நூறு கலோரி அளவில் சேரும். ஆக மொத்தம் சுமார் 1,725. அவர் ஐந்நூறு என்று நம்பிய பற்றாக்குறை உண்மையில் 125 அளவில்தான் இருந்தது.

இதோடும் நிற்கவில்லை. நடந்த நாள்களில் கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்ச் 280 கலோரி எரிந்ததாகக் காட்ட, செயலி அதையும் அன்றைய உணவு அளவில் கூட்டிக் கொடுத்தது. அவரும் அதை நம்பி உண்டார். நடையை ஒருமுறை 1.55 என்ற எண்ணிலும், மறுமுறை வாட்ச் காட்டிய கணக்கிலும் சேர்த்தாகிவிட்டது. வாரச் சராசரி 1,800 ஆனபோது பற்றாக்குறை முற்றிலும் மறைந்துவிட்டது. அந்த வாட்ச் காட்டிய எண்ணும் நம்பத்தக்கதன்று. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இதயத்துடிப்பைப் பெரும்பாலும் சரியாகவே காட்டிய அவை, எரிந்த கலோரியில் தடுமாறின. அவற்றுள் மிகச் சிறந்ததிலேயே பிழை சராசரியாக 27 விழுக்காடு இருந்தது.

இத்தவறின் விலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இரண்டு மாதம் எடை குறையாததால் அந்தப் பெண் தைராய்டு பரிசோதனை செய்துகொண்டார். முடிவு இயல்பாகவே இருந்தது. தன் உடலில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, யாரையும் கேட்காமல் 1,000 கலோரிக்கு இறங்கினார். சோர்வும் முடி உதிர்வும் சேர்ந்த நிலையில்தான் என்னைப் பார்க்க வந்தார். மூன்று வேளையும் நேர்மையாகக் குறித்து வைத்த ஒருவர், ஒரு வரியைத் தவறாகத் தொட்டதற்காகத் தன் உடலையே குற்றவாளியாக்கிக்கொண்டது எவ்வளவு அநியாயம்! நியூயார்க்கில் நடத்தப்பட்டு 1992இல் வெளியான ஓர் ஆய்வில், குறைத்து உண்டும் எடை இறங்கவில்லை என்று முறையிட்டவர்கள் தங்கள் உணவைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தது தெரியவந்தது. அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறை ஏதும் காணப்படவில்லை.

ஆகவே மேசைப் பணியில் இருப்பவர்கள், காலையில் நடப்பவர்களாக இருந்தாலும், 1.2இல் தொடங்குங்கள். ஆசிரியர், செவிலியர், கடையில் நின்றே விற்பவர் போன்றோருக்கு 1.375 பொருந்தும். உடற்பயிற்சிக்காகத் தனியே எதையும் கூட்டாதீர்கள். பிறகு மூன்று, நான்கு வாரம் உணவையும் எடையையும் குறித்து, உங்கள் உடல் தரும் விடையைக் கொண்டு சூத்திரத்தைத் திருத்துங்கள். வாரத்துக்கு 300 கிராம் இறங்கினால், ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற தோராயக் கணக்குப்படி உங்கள் பற்றாக்குறை நாளுக்கு 330. நீங்கள் உண்ட அளவோடு அதைக் கூட்டினால் வருவதே உங்களுடைய உண்மையான நாள் செலவு.

அரிசியின் கலோரியைச் சோற்றுக்குப் போடுவது

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி 100 கிராம் பச்சரிசியில் சுமார் 356 கலோரி உள்ளது. வெந்து நீர் ஏறிய சோற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 130தான். செயலியில் அரிசி என்று தேடி, தட்டிலுள்ள சோற்றின் எடையைப் போடுபவர் வீணாகப் பட்டினி கிடப்பார். சோற்றின் எண்ணை எடுத்து, உலையில் போடும் அரிசியின் எடையைக் குறிப்பவர் தாராளமாக உண்பார். இரண்டு வகையினரையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டு அரிசி வெந்தபின் எத்தனை மடங்காகிறது என்று ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துவிட்டால் போதும். புழுங்கலுக்கும் பச்சரிசிக்கும், குழையும் குக்கர் சோற்றுக்கும் வடித்த சோற்றுக்கும் இது மாறும்.

எண்ணெயைக் கரண்டியால் அளப்பது

தாளிப்பிலும் தோசைக்கல்லிலும் விழும் எண்ணெயைச் சமைப்பவராலேயே சரியாகச் சொல்ல முடியாது. மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயில் ஏறத்தாழ 8,200 கலோரி இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 270 கலோரிக்கும் மேல் எண்ணெயிலிருந்தே வருகிறது. நெய்யும் தேங்காயும் தனி.

தினமும் எடை பார்த்து, தினமும் கலோரி அளவை மாற்றுவது

மாற்றாதீர்கள். உப்பும் மாதவிடாயும் ஒரே நாளில் ஒரு கிலோ வரை ஏற்றிக் காட்டக்கூடும். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

நாளொன்றுக்கு 1,200 கலோரி என்பதை எல்லோருக்கும் பொது எண்ணாகக் கொள்வது

170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு அது பட்டினி.

எடை இறங்கிய பின்னும் பழைய எண்ணில் நிற்பது

மேலே சொன்ன பெண் 64 கிலோவுக்கு வந்தபோது ஓய்வுநிலைச் செலவு 80 கலோரி குறைந்தது, 1.2ஆல் பெருக்கினால் நாளுக்கு 96. அதே நடைக்கும் இலேசான உடல் குறைவாகவே செலவிடும். நான்கைந்து கிலோ இறங்கும்போதெல்லாம் கணக்கை மறுபடி போட வேண்டும்.

மருத்துவரைக் கேட்காமல் தொடங்குவது

சர்க்கரை நோய்க்காக இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் இந்தச் சூத்திரத்தைக் கொண்டு பற்றாக்குறை வைக்கவே கூடாது. அவர்களுக்குத் தேவைப்படும் கூடுதல் ஆற்றல் அதில் சேர்க்கப்படவில்லை.