துணி டயப்பரில் காசு மிச்சம் பிடிக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

கடையில் வாங்கும் டயப்பர் ஒன்று 10 ரூபாய், நாளுக்கு 6 என்று வைத்தால் மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பலர் துணி டயப்பருக்கு வருகிறார்கள். வந்த வேகத்தில் செய்யும் முதல் தவறு, குழந்தை பிறக்கும் முன்பே இருபது டயப்பரை மொத்தமாக வாங்கி அடுக்குவது. ஒன்றே சில நூறு ரூபாய். மிச்சம் பிடிக்க நினைத்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

'3 கிலோ முதல் 16 கிலோ வரை' என்று அட்டையில் போட்டிருப்பார்கள். நம் ஊரில் இரண்டரை, இரண்டே முக்கால் கிலோவில் பிறக்கும் குழந்தைகள் நிறைய. மூன்று கிலோ இருந்தாலும் பிறந்த குழந்தையின் தொடை மெலிசு. பட்டனை எவ்வளவு இறுக்கிப் போட்டாலும் தொடையோரம் இடைவெளி விழும், அந்த வழியாக ஒழுகும். என் மகளுக்கு வாங்கி வைத்த டயப்பர்கள் இரண்டு மாதம் பீரோவிலேயே கிடந்தன. அம்மா கிழித்துக் கொடுத்த வேட்டித் துணிதான் அதுவரை கைகொடுத்தது. ஆரம்பத்துக்கு அப்படி மடித்து இடுப்பில் கட்டும் துணி, அதாவது லங்கோடு போதும். அப்புறம் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொன்று மட்டும் வாங்கி, எது குழந்தையின் தொடைக்கும் இடுப்புக்கும் சரியாக உட்காருகிறது என்று பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

நாலு முழ வேட்டி ஒன்றில் இரண்டடிச் சதுரமாக 6 துணி கிடைக்கும். ஆனால் கையில் கிடைத்த வேட்டியை எல்லாம் கிழிக்கக் கூடாது. பாலியஸ்டர் கலந்தது ஈரத்தை உறிஞ்சாது. கஞ்சி போட்டதும் அப்படித்தான். கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி முழுவதும் போகும்வரை அலச வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே இழுத்துக்கொண்டால் நல்ல துணி. கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், குழந்தையின் தோலில் அறுக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று, அந்தத் துணி எங்கே இருந்தது என்பது. பழைய வேட்டி, புடவை என்றாலே பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்ததாகத்தான் இருக்கும். அதில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். அளவு மீறினால் மூளையையே பாதிக்கும். அந்தக் குறைபாடு இருப்பது குழந்தையைப் பார்த்தால் தெரியாது. அதனால் உருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சைக் குழந்தைக்கு எடுக்கவே வேண்டாம், மூத்த பிள்ளையின் பழைய துணியாக இருந்தாலும் சரி.

லங்கோட்டை இறுக்கிக் கட்டினால் ஒழுகாது என்பதும் தவறுதான். கால்களை நேராக நீட்டிச் சேர்த்துக் கட்டினால் இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து உண்டு. தவளைக் கால் மாதிரி முழங்கால் மடங்கி விரிந்திருக்க வேண்டும். வயிற்றருகே இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும்.

இனித் துவைப்பது. பெரும்பாலானவர்கள் துணி டயப்பரைக் கைவிடுவது இங்கேதான். புது டயப்பருக்குள் வைக்கும் பருத்தி இன்சர்ட்டை ஒரே தடவை அலசிப் போட்டுவிட்டு, ஒழுகுகிறது என்று ஒதுக்கி வைக்கிறார்கள். ஐந்தாறு முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் அது முழுதாக உறிஞ்சத் தொடங்கும். துணி மிருதுவாக இருக்கட்டும் என்று கம்ஃபோர்ட் மாதிரி திரவங்களை ஊற்றினால் அது நூலின் மேல் படலமாகப் படிந்து, உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு டயப்பர் கட்டுவதும் இதேதான் செய்யும். நடுவில் ஒரு மெல்லிய துணியை வையுங்கள்.

குழந்தைத் துணிதானே என்று சோப்புத்தூளைக் கிள்ளிப் போடுவதும் கூடாது. குறைவாகப் போட்டால் மூத்திர உப்பு துணிக்குள்ளேயே தங்கும். நன்றாகக் காய்ந்த துணியில் குழந்தை மறுபடி ஈரம் செய்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வந்தால், அது சரியாகத் துவைக்காத துணி. எங்கள் வீட்டுத் தண்ணீர் உப்பான போர் தண்ணீர். சோப்பு நுரைக்கவே செய்யாது. அந்தத் தண்ணீருக்குத் தூள் கூடுதலாகத்தான் வேண்டும், நுரை போகும்வரை அலசவும் வேண்டும். ஆர்ஓ மெஷினில் கழியும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் இதற்குப் பிடித்து வைப்பவர்கள் உண்டு. அதில் உப்பு இன்னும் அதிகம், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மலம் பட்ட துணியை நேராகச் சுடுதண்ணீரில் போட்டால் கறை பிடித்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் சோப்பு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் கறை வெயிலில் ஈரத்தோடு போட்டாலே வெளுத்துவிடும். மேலே கட்டும் கவரை மட்டும் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் எலாஸ்டிக் சீக்கிரம் தளரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தடிமனாகத் தைத்த இன்சர்ட் இரண்டு நாள் ஆனாலும் காயாது. விரித்துப் போடும் சதுரத் துணி மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும், லேசான ஈரம் இருந்தால் இஸ்திரி போட்டுக்கொள்ளலாம். சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்தும் பழக்கம் மட்டும் வேண்டாம். புகை குழந்தையின் நுரையீரலுக்குக் கெடுதல்.

எல்லாமே துணியாகத்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. இரவுக்கு மட்டும் ஒரு கடை டயப்பர் என்றால் மாதம் 300 ரூபாய். அம்மாவுக்கும் தூக்கம் வேண்டும். தொடை மடிப்பில் சிவந்து, சுற்றிலும் சிறு புள்ளிகளாகப் பரவினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பவுடரைக் கொட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், சரியாகும்வரை துணிகளைச் சுடுதண்ணீரில் துவையுங்கள்.